ஒன்பதாம் தேதியும் சேர்த்து

கிளைச்சிறைப் பதிவேட்டில்
பெயர்: நௌஷீன். ஊர்: பர்கூர்.
'தொழில்' கட்டத்தில் காவலரின் பேனா நின்றது.
சட்டம் மூன்றாமாண்டு, பயிற்சிக்கு வந்திருக்கேன் என்றேன்.
யோசித்து, 'வக்கீலுடன் வந்தவர்' என்று எழுதினார்.
வக்கீல் செண்பகவல்லி அதற்குள்
ஐந்தாவது ஆளின் கதையில் இருந்தார்.
ஆறாவது எனக்கு.

திம்மராயன், நாற்பத்திரண்டு, ராயக்கோட்டைப் பக்கம்.
மாங்கூழ் ஆலையின் பூட்டிய கிடங்கு,
செம்புக் கம்பி, பதினெட்டுக் கிலோ.
தமிழில் படித்துக் காட்டியதாகவும்
சரியென்று ஒப்புக்கொண்டதாகவும் சொல்கிறது தாள்.
எனக்குத் தெலுங்கு சந்தை அளவுக்கு வரும்:
எவ்வளவு, குறைச்சுக்கோ, நாளைக்கு வா.
அவருக்குத் தமிழும் அவ்வளவுதான்.
அதற்குள்ளேயே ஒரு வழக்கைப் பேசிப் பார்த்தோம்.

எடுத்தீங்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.
கேட்கவில்லை.
இன்றுவரை தெரியாது.

அவர்தான் ஒன்று கேட்டார்.
பிடித்துப்போன ஏப்ரல் ஒன்பதாம் தேதி
மதியம்வரை டிரம் கழுவியிருக்கிறார்.
ஆ ரோஜு லெக்கலோ உந்தா?
அந்த நாள் கணக்கில் இருக்கிறதா?

இருக்கு என்று தலையாட்டிவிட்டேன்.
கூலியைக் கேட்டிருக்கிறார் என்று
பேருந்து சுங்கச்சாவடி தாண்டும்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் அந்த நாள் என்னை விடவில்லை.
அறுபது நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால்
கேட்டவனுக்குக் கதவைத் திற என்கிறது சட்டம்.
ரிமாண்டு ஆன நாளையும் எண்ணு என்று
டெல்லியில் எழுதிவைத்திருக்கிறார்கள்.
அப்பாவின் சைக்கிள் கடையில் தினத்தாள் காலண்டர் உண்டு.
கிழித்த ஏப்ரல் எல்லாம்
செயின் துடைத்துக் கறுத்துப்போயிருந்தது.
கைமுட்டியை மடக்கினேன்.
மேடு முப்பத்தொன்று, பள்ளம் முப்பது.
ஏப்ரல் பள்ளத்தில் விழுகிறது.
ஒன்பதையும் சேர்த்தால் இருபத்திரண்டு,
மே முடிய ஐம்பத்துமூன்று,
ஜூன் ஏழு அறுபது.
ஏழு, ஞாயிறு.
மறுபடி எண்ணினேன். பஞ்சர் ஒட்டவந்தவர்
என்ன பாப்பா, நோன்புக் கணக்கா என்றார்.

திங்கள் காலை அலுவலகத்தில்
பிரிண்டர் இரண்டாம் தாளை மென்று நின்றது.
செண்பகவல்லி அக்கா நின்றபடியே கையெழுத்திட்டார்,
ஓடு என்றார். அந்த ஒரு சொல்தான்.
மனுத்தாக்கல் ஜன்னலில் எனக்கு முன் ஏழு பேர்.
எனக்குப் பின்னால் நான்காவதாக ஓர் ஏட்டு,
நாடா கட்டிய கட்டு, மேலே திம்மராயன் பெயர்.
என் வயிறு குளிர்ந்துவிட்டது.
பேனா இருக்காம்மா என்றார். கொடுத்தேன்.
வேறென்ன செய்வது, பேனா இருந்தது.
என் மனுவில் முத்திரை விழுந்தது பத்து நாற்பத்திரண்டு.
அவர் கட்டுக்கு, பதினொன்று ஐந்து.
பேனா திரும்பி வரவில்லை.

மறுநாள் ஜாமீன்.
தலைக்குப் பத்தாயிரம், இரண்டு பிணைதாரர்,
வீட்டுவரி ரசீதுடன்.
வீடே வாடகைக்கு இருக்கிற ஒருவனுக்கு
வரி கட்டும் இரண்டு நண்பர்கள் வேண்டும்.
ஆலை மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.
ரசீது பேச்சு வந்ததும் சிக்னல் இல்லை என்றார்.
அந்த அரைநாள் கூலி என்றேன்.
போலீஸ் கூட்டிட்டுப் போன நாளுக்கு
ஏதும்மா கூலி.
அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

இன்று வெள்ளி. என் பயிற்சி முடிகிறது.
கதவு திற என்று உத்தரவாகி மூன்று நாள்,
அவர் உள்ளேதான் இருக்கிறார்.
பிணைத்தொகையைக் குறைக்கக் கேட்கும் மனு
இந்த மேசையில் பாதி டைப்பில் கிடக்கிறது.
அடுத்து வரப்போகும் பையனுக்காக
அதன் மேல் சீட்டு ஒட்டினேன்: தெலுங்கில் பேசவும்.

கல்லூரிப் படிவத்தில் கடைசிக் கட்டம்:
'இப்பயிற்சியில் கற்றுக்கொண்டது என்ன?'
ஆறு வரி இடம்விட்டிருக்கிறார்கள்.
ஏட்டையா கொண்டுபோனது போக மிஞ்சிய பென்சிலால்
எழுதிவைத்தேன்:

ஏப்ரலுக்கு முப்பது நாள்.